வீட்டுத் தொட்டியில் சிறு நன்னீர் மீன்கள்: வளர்ப்பும் இனப்பெருக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் 10 செ.மீ.க்குள் நின்றுவிடும் மீன்கள்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், டேனியோ, ஃபைட்டர், சிறு டெட்ராக்கள், கோரிடோராஸ். தங்கமீனுக்கும் ஆஸ்கருக்கும் இந்தக் கணக்குகள் பொருந்தா. இவற்றை முட்டையிட வைப்பது பெரிய காரியமில்லை. குஞ்சைப் பிழைக்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் பதில்களில் பாதி தண்ணீரையும் குஞ்சுத் தீனியையும் சுற்றியே வரும்.

முதல் தொட்டி எந்த அளவு இருக்க வேண்டும்? கண்ணாடிக் கிண்ணம் போதாதா?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். விளிம்புவரை 54 லிட்டர் பிடிக்கும். சரளையையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சின்னத் தொட்டிதான் சுலபம் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். ஒரு சிட்டிகை தீனி கூடுதலாக விழுந்தால் 45 லிட்டரில் ஒன்றும் தெரியாது; 5 லிட்டர் கிண்ணத்தில் மறுநாள் காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒற்றை ஃபைட்டருக்கு மட்டும் 15–20 லிட்டர் போதும்.

நிரப்பிய தொட்டி கிட்டத்தட்ட 70 கிலோ கனக்கும். மட்டமான, ஆடாத மேசை வேண்டும். அடிக்கண்ணாடி நேராக மேசையில் அமரும் தொட்டியானால் கீழே தெர்மாகோல் விரியுங்கள். மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய ஒரு மணல் துணுக்கே விரிசலுக்குப் போதும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடுமா?

குளோரின் போய்விடும். அகலமான வாளியில் ஏர் பம்ப் ஓடினால் இன்னும் சீக்கிரம் போகும். சில நீர் வழங்கல்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் சேர்ப்பார்கள். அது வைத்திருப்பதால் போகாது. இரண்டுக்கும் சோடியம் தயோசல்ஃபேட் வேலை செய்யும். 10 கிராம் படிகத்தை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டருக்கு 1 மி.லி. போதும். லிட்டருக்கு 1.4 மி.கி. வரையுள்ள குளோரினை அது முறிக்கும். வாடை தூக்கலாக இருந்தால் 2 மி.லி. விடலாம். குளோரமைன் முறியும்போது அம்மோனியா மிஞ்சும் என்பதை மறக்கக்கூடாது. பழகிய ஃபில்டர் உள்ள தொட்டி அதைத் தின்றுவிடும், புதுத் தொட்டி தின்னாது.

ஆழ்குழாய் நீரில் குளோரின் இருக்காது. ஆனால் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும். நேராக ஊற்றாமல் ஓர் இரவு காற்று விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மீன் விட்ட ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாகிறது. ஏன்?

அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது; மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் சேர்க்கின்றன. பழகிய தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதலில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் சரளையிலும் அவை குடியேற 25–28 டிகிரி வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதைத்தான் தொட்டியைச் சைக்கிள் செய்வது என்கிறார்கள்.

மீன் இல்லாமலே இதைச் செய்யலாம். ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, 50 லிட்டருக்கு 0.3 கிராம் அம்மோனியம் குளோரைடு போடுங்கள். அம்மோனியா லிட்டருக்குச் சுமார் 2 மி.கி. ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். அம்மோனியா பூஜ்யத்தைத் தொடும்போதெல்லாம் அதே அளவு மறுபடி போடுங்கள். போட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 6-க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். வாரக்கணக்கில் அளவு நகரவே இல்லையென்றால் முதலில் பிஎச் பாருங்கள்.

ஒரே அம்மோனியா அளவு ஒருவர் தொட்டியில் மீனைக் கொல்வதும் இன்னொருவர் தொட்டியில் சும்மா இருப்பதும் பிஎச்சால்தான். 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம் அளவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு.

ஆறு வாரம் காத்திருக்க முடியாது. குறுக்குவழி உண்டா?

நோயில்லாத, பழகிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் (ஏர் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி) ஒன்றை ஈரம் காயாமல் எடுத்து வந்து மாட்டுவதுதான் நம்பகமான ஒரே குறுக்குவழி. பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றுவதில் பெரிய பயனில்லை; பாக்டீரியா பரப்புகளில் ஒட்டித்தான் வாழும். குஞ்சு வளர்க்க நினைப்பவர்கள் பெரிய தொட்டியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கூடுதலாக ஓடவிட்டு வைப்பது நல்லது. குஞ்சுத் தொட்டி தேவைப்படும் அன்றைக்கு அதைத் தூக்கி மாற்றினால் வேலை முடிந்தது.

45 லிட்டரில் எத்தனை மீன் விடலாம்?

வளர்ந்த மீனின் நீளத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு லிட்டர் என்ற பழைய கணக்கு, 5 செ.மீ.க்குள் உள்ள ஒல்லி மீன்களுக்குச் சுமாராகச் சரிவரும். எட்டு டேனியோ, அல்லது ஆறு கப்பியோடு அடியில் திரியும் ஆறு குட்டைக் கோரிடோராஸ். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல் வாரத்துக்கு மூன்று நான்காக விடுங்கள். டெட்ரா, டேனியோ, கோரி எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் பயந்து ஒளியும், அல்லது ஒன்றையொன்று கடிக்கும். கப்பி, மோலி வகைகளில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓயாமல் துரத்தப்பட்டே பெண் செத்துப்போகும்.

பையில் வந்த மீனைத் தொட்டியில் எப்படி விடுவது?

பக்கத்திலிருந்து வந்த மீன் என்றால்: கட்டைப் பிரிக்காமல் பையை 15–20 நிமிடம் மிதக்கவிடுங்கள், பிரித்து அரை மணி நேரத்துக்குள் நான்கைந்து முறை தொட்டித் தண்ணீர் சேருங்கள், பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்த பையில் கதை வேறு. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அம்மோனியா நிறைய இருந்தாலும் அந்தக் குறைந்த பிஎச்சில் அது கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். அதே தண்ணீரில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனை நஞ்சில் ஊறவைப்பதற்குச் சமம். வெப்பத்தை மட்டும் சமன்செய்து, பையைத் திறந்த சில நிமிடங்களில் மீனை மாற்றிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது? ஃபில்டரைக் கழுவலாமா?

வாரம் ஒருமுறை கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. சரளையைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வெப்பமுள்ள தண்ணீரை ஊற்ற வேண்டும். முழுத் தொட்டியையும் காலிசெய்து சோப்புப் போட்டுத் தேய்ப்பது சுத்தமல்ல, அழிவு. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் குளோரின் பட்டு ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் நான்கு முறை அமுக்கிப் பிழிந்தால் போதும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் ஏறிவிடும்.

இனப்பெருக்கத்தை எந்த மீனில் தொடங்கலாம்?

குட்டி போடும் மீன்களில்: கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வார்ட்டெயில். அடுத்தது முட்டையை இறைத்துவிட்டுப் போகும் டேனியோ, அதற்கடுத்து நுரைக்கூடு கட்டும் ஃபைட்டர். நியான் டெட்ராவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குக் கடினத்தன்மை மிகக் குறைந்த, லேசான அமில நீர் வேண்டும், இருட்டு வேண்டும், குஞ்சோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

கப்பி எப்போது குட்டி போடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஆண் பெண் அடையாளம். ஆணின் வயிற்றடித் துடுப்பு ஒல்லியான குச்சிபோல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு விசிறிபோல் விரிந்திருக்கும், அதற்குச் சற்று மேலே கருமையான சினைப்புள்ளி தெரியும். சினைக்காலம் பெரும்பாலும் 24 முதல் 30 நாள். தண்ணீர் குளிர்ந்தால் நீளும். நாள் நெருங்க நெருங்கச் சினைப்புள்ளி கறுத்துப் பெரிதாகும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உருண்டையாக இல்லாமல் முன்பக்கம் சதுரமாக இறங்கியிருக்கும். பெண் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி மூலையில் நிற்கும். முதல் ஈற்றில் ஐந்து பத்துதான் எதிர்பார்க்கலாம். நன்கு வளர்ந்த பெண் 20–50, சில சமயம் அதற்கு மேலும் போடும்.

தொட்டிக்குள் தொங்கவிடும் பிளாஸ்டிக் குட்டிப்பெட்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடம் நெருக்கம், தண்ணீர் ஓட்டம் குறைவு. பத்து நாள் முன்னதாகவே அதில் அடைத்த பெண் மிரண்டு குறைக்குட்டிகளைப் போடுவதுண்டு. 10–15 லிட்டர் தொட்டியில் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இரு கை நிறைய ஜாவா மாஸும் (பாசிபோன்ற நீர்ச்செடி) போட்டு, எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன் பெண்ணை அங்கே மாற்றுங்கள். போட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள். தாய்க்குத் தன் குட்டி என்ற எண்ணமெல்லாம் கிடையாது, வாய்க்கு அடங்குவதெல்லாம் தீனிதான்.

பெண் மட்டும் தனியாக இருக்கிறது. மாதக்கணக்காக ஆணே இல்லை. எப்படிக் குட்டி போடுகிறது?

ஒருமுறை இணைந்தால் பெண் கப்பி விந்துவைப் பல மாதம் உடலுக்குள் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுகளுக்குப் பயன்படுத்தும். ஆண் பெண் கலந்த தொட்டியிலிருந்து வாங்கிய பெண்ணை உங்கள் அழகான ஆணோடு விட்டாலும் முதல் சில ஈற்றுகளில் வேறு தகப்பன்களின் குட்டிகள் வரலாம். ஒரு ரகத்தைத் தூய்மையாகக் காக்க வேண்டுமானால் குட்டிகளை மூன்று வாரம் ஆனதும் பிரித்துவிட வேண்டும். சினைப்புள்ளி தெரியத் தொடங்கியவை ஒரு பக்கம், துடுப்பு கூராகத் தொடங்கியவை இன்னொரு பக்கம். ஒரு வாரம் சோம்பினால் காரியம் கெட்டுவிடும்.

ஆண் கப்பியின் நிறங்களில் பல ஒய் குரோமோசோம் வழியாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு நேராக வருகின்றன. அதற்காகப் பெண்ணின் பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வால் வடிவத்திலும் அடி நிறத்திலும் அதன் பங்கு உண்டு, வெளியே தெரியாதே ஒழிய. நல்ல ஆணைத் தேடி அலைபவர்கள் அதன் உடன்பிறந்த பெண்களையும் சேர்த்து வாங்குவது அதனால்தான்.

பெண் ஸ்வார்ட்டெயில் ஆணாக மாறிவிட்டதே?

தாமதமாக முதிர்ந்த ஆணாகத்தான் இருக்கும். சில ஆண்கள் பெரிதாக வளர்ந்த பிறகே வாளை நீட்டும். அதுவரை பார்வைக்குப் பெண்தான்.

டேனியோவை முட்டையிட வைக்கும் முறை என்ன?

ஜீப்ரா டேனியோ உலகெங்கும் மரபியல் ஆய்வகங்களில் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படும் மீன். 2013-ல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. அந்த ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் 14 மணி நேர வெளிச்சம், 10 மணி நேர இருட்டு என்ற ஒழுங்கு வீட்டிலும் அப்படியே பலிக்கும்.

ஆண் ஒல்லி, தங்கச் சாயல். பெண் வயிறு பருத்தது, வெள்ளிச் சாயல். இரண்டையும் ஒரு வாரம் பிரித்து வைத்து, ஆர்டீமியா (இறால் போன்ற சிறு உப்புநீர் உயிரி), டாஃப்னியா (நீர்த்தெள்ளு) போன்ற உயிர்த்தீனியாகக் கொடுங்கள். 10–15 லிட்டர் தொட்டியில் 12 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர், வெப்பம் 27–28 டிகிரி. அடியில் கோலிக்குண்டு இரண்டு அடுக்கு. கோலிக்குண்டு இல்லாவிட்டால் முட்டை விழுந்து மீன் நுழையாத கண்ணுள்ள வலையை அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கிக் கட்டலாம். சாயங்காலம் ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் விட்டு விளக்கை அணையுங்கள். காலையில் வெளிச்சம் வந்த சிறிது நேரத்தில் துரத்தல் தொடங்கும். நூறு முதல் முந்நூறு முட்டை விழலாம். முடிந்தவுடன் பெரிய மீன்களை வெளியே எடுத்துவிடுங்கள். கோலிக்குண்டு முட்டையைக் காப்பது ஓரளவுக்குத்தான், பசித்த டேனியோ மூக்கை நுழைத்துத் தேடும்.

28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சு முதலில் கண்ணாடித் துண்டுபோல் சுவரில் ஒட்டிக் கிடக்கும், முட்டையிலிருந்து வயிற்றோடு வந்த மஞ்சள் கருவைத் தின்று தீர்க்கும். முட்டையிட்ட ஐந்தாம் நாள் வாக்கில் நீந்தத் தொடங்கும். தீனி தேவைப்படுவது அன்றிலிருந்துதான். அதற்கு முன் போடுவது தண்ணீரைக் கெடுக்கும், ஒரு நாள் பிந்தினாலோ குஞ்சு குறையத் தொடங்கும்.

ஃபைட்டர் மீனுக்கு இணை சேர்ப்பது எப்படி? ஆண் பெண்ணைக் கொன்றுவிடுகிறதே?

நேராக ஒன்றாக விடுவதால் வரும் வினை அது. இரண்டும் நான்கு மாதம் தாண்டியிருக்க வேண்டும், பெண் ஆணைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. 20 லிட்டர் தொட்டி, சரளை வேண்டாம், தண்ணீர் 10–12 செ.மீ., வெப்பம் 28 டிகிரி. ஒரு மூலையில் செடிக்கட்டு, இன்னொரு மூலையில் மிதக்கும் பாதித் தெர்மாகோல் கோப்பை அல்லது ஒரு காய்ந்த வாதாம் இலை. கூடு அதன் கீழே அமையும். ஃபில்டர் ஓட்டம் கூட்டைக் கலைக்கும் என்பதால் அதை மிக மெதுவாக வையுங்கள், அல்லது இந்தச் சில நாளுக்கு நிறுத்துங்கள். மேலே இறுக்கமான மூடி.

முதலில் ஆணை விடுங்கள். பெண்ணை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வைத்து அந்தக் குவளையைத் தொட்டிக்குள் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாளில் ஆண் நுரைக்கூடு கட்டும். பெண்ணின் உடலில் செங்குத்துக் கோடுகளும் வயிற்றடியில் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் தயார். கிடைக்கோடுகள் என்றால் பயந்திருக்கிறது, விடக்கூடாது. திறந்துவிட்ட பிறகு துரத்தலும் ஓரிரண்டு துடுப்புக் கிழிசலும் சகஜம்; சதை தெரிந்தால் உடனே பிரியுங்கள். இணையும்போது ஆண் பெண்ணை வளைத்துக் கட்டும், முட்டைகள் கீழே உதிரும், ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். இது சில மணி நேரம் நடக்கும். பெண் ஒதுங்கி ஓடத் தொடங்கியதும் அதை எடுத்துவிடுங்கள்.

அதன்பின் ஆணுக்குத்தான் வேலை. 24 முதல் 48 மணி நேரத்தில் பொரியும், குஞ்சுகள் கூட்டிலிருந்து வால் கீழாகத் தொங்கும், விழுவதை ஆண் எடுத்து மறுபடி ஒட்டும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு கிடைமட்டமாக நீந்தியதும் ஆணையும் எடுக்க வேண்டும். முதல்முறை ஆண்கள் முட்டையைத் தின்பது சாதாரணம். வெளிச்சமும் எட்டிப் பார்க்கும் முகங்களும் அதை அதிகமாக்கும். மூன்று முறைக்கு மேலும் தின்றால் வேறு ஆணைப் பாருங்கள்.

மூடி ஏன் என்றால், ஃபைட்டர் நேராகக் காற்றைச் சுவாசிக்கும் மீன். அதற்கான உறுப்பு குஞ்சில் முதல் சில வாரத்தில்தான் உருவாகும். அப்போது நீர்ப்பரப்புக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தால் குஞ்சுகள் கொத்தாகச் சாகும். எண்ணெய்ப் படலம் படர்ந்தாலும் அப்படியே. ஒரு காகிதத்தைப் பரப்பில் விரித்து எடுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்றையும் இணை சேர்க்கும் முன்பே யோசியுங்கள்: இரண்டு இரண்டரை மாதத்தில் ஆண் குஞ்சுகள் சண்டை பிடிக்கும். ஐம்பது ஆண் தேறினால் ஐம்பது ஜாடி, ஐம்பது ஜாடிக்கும் தண்ணீர் மாற்றம்.

கோரிடோராஸ் முட்டையிடவே இல்லை?

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் வைத்து, இரண்டு வாரம் புழுத்தீனி கொடுத்து, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். மழை வந்ததாக நினைத்துக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டும் முட்டைகளை விரலால் மெல்ல உருட்டி எடுத்து வேறு டப்பாவில் வைக்கலாம், தோல் கெட்டியானது.

குஞ்சுக்கு முதல் தீனி என்ன? பொடித்த தீனி போதாதா?

கப்பி, மோலி குட்டிகளுக்குப் பொடி போதும், ஆர்டீமியா கொடுத்தால் இன்னும் வேகமாக வளரும். டேனியோ, ஃபைட்டர் குஞ்சுகள் பெரும்பாலும் அசையாத பொருளைத் தீனியாகவே மதிக்காது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: பெரிய மீன்களை இணை சேர்ப்பதற்குப் பத்து நாள் முன்பே தீனி வளர்ப்பைத் தொடங்குங்கள். முட்டையைப் பார்த்த பிறகு தொடங்கினால் தீனி தயாராகும்போது குஞ்சு இருக்காது.

முதல் நாட்களுக்கு இன்ஃபுசோரியா, அதாவது நீரில் நீந்தும் நுண்ணுயிரிகள். இரண்டு லிட்டர் ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீர், ஃபில்டர் பஞ்சில் பிழிந்த அழுக்கு ஒரு கரண்டி, வேகவைத்த கீரை இலை ஒன்று. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால்போல் கலங்கி நாறும். அது பாக்டீரியா, அதைக் கொடுக்காதீர்கள். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் நுண்ணுயிரிகள் அந்தப் பாக்டீரியாவைத் தின்று தண்ணீர் தெளியும். டார்ச் அடித்தால் தூசிபோல் நகர்வது தெரியும். அப்போது எடுத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, 10 லிட்டருக்குச் சுமார் 50 மி.லி. விடுங்கள். நான்கு நாள் இடைவெளியில் இரண்டு ஜாடி வைத்தால் அறுபடாது.

அடுத்தது மைக்ரோ வார்ம் என்ற நூல்போன்ற குட்டிப் புழு. ஓட்ஸைக் கெட்டிக் கூழாக வேகவைத்து ஆறவைத்து, மூடியில் ஊசித்துளை போட்ட டப்பாவில் 1–2 செ.மீ. பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, பழைய வளர்ப்பிலிருந்து ஒரு கரண்டி கலக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் புழுக்கள் சுவரில் ஏறும். விரலால் வழித்துத் தொட்டியில் கலக்கலாம். கூழ் புளித்து நீர்த்துப்போகும் முன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது டப்பா. இந்தப் புழு அடியில் படிந்துவிடும், நீரில் வெகுநேரம் உயிரோடிராது, அள்ளிக் கொட்டாதீர்கள்.

பிறகு ஆர்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, 1–2 கிராம் முட்டை. 27 டிகிரி, நல்ல வெளிச்சம், முட்டை அடியில் தங்காத அளவுக்குப் பலமான காற்று. 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே வெளிச்சம் பக்கம் கூடும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பதே சத்து. நேரமாக ஆகத் தன் கருவைத் தானே தின்று தீர்த்துவிடும். பொரிப்பு குறைந்தால் பெரும்பாலும் பழைய முட்டை, அல்லது குளிர்ந்த தண்ணீர். மீன் குஞ்சு தின்றதா என்று சந்தேகமே வேண்டாம், வயிறு ஆரஞ்சாகத் தெரியும்.

வேகவைத்த முட்டை மஞ்சள் கரு? வேறு வழியே இல்லாதபோது ஊசிமுனையளவு. அதைவிடக் கூடினால் மறுநாள் தண்ணீர் நாறும்.

இரண்டாவது வாரத்தில் குஞ்சுகள் வேகமாகக் குறைகின்றன. என்ன தவறு?

வயிற்றைப் பாருங்கள். ஒட்டிக் கிடந்தால் பட்டினி: தீனி பெரிதாக இருக்கிறது, அல்லது குறைவு. வயிறு நிறைந்தும் சாகிறதென்றால் தண்ணீர்: அடியில் படிந்த தீனி. காற்றுக் குழாய் ஒன்றைச் சிறு குச்சியில் கட்டி தினமும் அடியை உறிஞ்சி எடுத்து, 10–20 சதவீதம் தண்ணீரை அதே வெப்பத்தில் மெல்லச் சொட்டவிடுங்கள். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள், தவறிப்போன குஞ்சு தெரியும். உடலில் தங்கத்தூள் தூவியதுபோல் இருந்து துடுப்பை மடக்கிக்கொண்டால் அது வெல்வெட் நோய், ஒட்டுண்ணி. பெரியவை சின்னவற்றைத் தின்பதும் உண்டு. ஒரே ஈற்றுக் குஞ்சுகளை மூன்றாம் வாரத்தில் அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும்.

முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடிக்கின்றன?

கருவுறாத முட்டை முதலில் வெளுக்கும், அதில் பூஞ்சை பிடிக்கும், பிறகு பக்கத்து நல்ல முட்டைக்கும் பரவும். வெளுத்ததைப் பொறுக்கி எடுத்து, 1 சதவீத மெத்திலீன் ப்ளூ கரைசலை 10 லிட்டருக்கு 1 மி.லி. விடுங்கள். பொரிந்ததும் நீலத்தைத் தண்ணீர் மாற்றி நீக்குங்கள். பழகிய ஃபில்டர் உள்ள தொட்டியில் இதை ஊற்றக்கூடாது, நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும். எல்லா முட்டையும் வெளுத்தால் ஆண் சரியில்லை, அல்லது அந்த மீனுக்குத் தண்ணீர் பொருந்தவில்லை.

உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. மருந்து போட்டும் போகவில்லை?

வெண்புள்ளி நோய். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, அடியில் கூடு கட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கில் நீந்தி வெளிவரும்போதுதான் மருந்து கொல்லும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம். புள்ளி மறைந்த மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துபவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பை வேறு பாத்திரத்தில் கரைத்து ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். 10–14 நாள் அப்படியே வைத்திருங்கள். 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5 தான், காற்றைக் கூட்டியே ஆக வேண்டும். கோரிக்கும் சில செடிகளுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளாது, அங்கே பாதி அளவில் தொடங்குங்கள்.

நோய் இல்லாவிட்டாலும் வழக்கமாகக் கல் உப்புப் போட வேண்டுமா?

வேண்டாம். நைட்ரைட் ஏறியிருக்கும்போது லிட்டருக்கு 1 கிராம் உதவும், மற்றபடி தேவையில்லை. உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீருக்கு ஈடு ஊற்றும்போதெல்லாம் உப்பும் போட்டால் சேர்ந்துகொண்டே போகும்.

குட்டிகளில் முதுகு வளைந்தவை அதிகமாகின்றன. ஏன்?

இரண்டு மூன்று என்றால் எந்த ஈற்றிலும் வரும். தலைமுறைக்குத் தலைமுறை கூடினால் உடன்பிறப்புகளுக்குள்ளேயே கலந்துகொண்டிருக்கிறது. வளைந்தவற்றை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். ஒரே ரகத்தை இரண்டு தனித்தனி வரிசையாக வளர்த்து மூன்று நான்கு தலைமுறைக்கு ஒருமுறை ஒன்றோடொன்று கலந்தால் ரகமும் கெடாது, ஊனமும் குறையும். நன்றாக இருந்த பெரிய மீன் திடீரென்று மெலிந்து வளைந்தால் அது பரம்பரையல்ல, மீன் காசநோயாக இருக்கலாம். அந்தத் தொட்டியில் கையில் காயத்தோடு வேலை செய்யாதீர்கள், மனிதத் தோலையும் அது பிடிக்கும்.

குட்டிகள் பெருகிவிட்டன. ஏரியில் விடலாமா?

கூடாது. கப்பி தன் சொந்த நீர்நிலைகளான தென் அமெரிக்காவின் வடபகுதிக்கும் டிரினிடாடுக்கும் வெளியே பல நாடுகளில் இப்படித்தான் பரவியது. பெரும்பாலும் கொசுவை ஒழிக்கும் என்று விடப்பட்டு, உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் தொல்லையாகியிருக்கிறது. சினைப்பட்ட ஒரு பெண் போதும், ஒரு குட்டையை நிரப்பிவிடும். வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் ஆண்களையும் பெண்களையும் தனித் தொட்டிகளில் பிரித்து வையுங்கள். குஞ்சுகளைப் பிடித்து எடுக்காமல் பெரிய மீன்களோடு விட்டாலே எண்ணிக்கை தானாக நின்றுவிடும்.

நான்கு நாள் வெளியூர் போகிறோம். மீனை என்ன செய்வது?

வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக மடித்த பொட்டலம் கொடுங்கள். கிளம்பும் அன்று காலை தண்ணீர் மாற்றாதீர்கள், இரண்டு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். ஏதாவது கோளாறு என்றால் பார்க்க நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். இரண்டு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளுக்கு இந்தப் பட்டினிக் கணக்கு செல்லாது. அவற்றுக்கு ஒரு நாளே அதிகம். பயணம் தெரிந்திருந்தால் அந்த மாதம் இணை சேர்க்காதீர்கள்.